கோமதி எலக்ட்ரானிக்ஸில் கேம் மிஷின் பிழைத்த கதை

தென்காசிக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த ஊரில் தெருவுக்கு நாலு கெட்டிக்காரர்கள் இருந்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எல்லா ஊரிலும் இருப்பது போல அங்கேயும் மூன்று பேர் வேறு மாதிரி இருந்தார்கள். மற்ற ஊர்களில் அப்படிப்பட்டவர்கள் ஆளுக்கொரு மூலையில் இருப்பார்கள். தென்காசியில் மூவரும் ஒரே கடையில் வேலை பார்த்தார்கள்.

கடையின் பெயர் கோமதி எலக்ட்ரானிக்ஸ். மிக்சி, மின்விசிறி, ரேடியோ, கல்யாண வீட்டு மைக்செட் எல்லாம் அங்கே பழுது பார்க்கப்படும். தலைமை மெக்கானிக் தளவாய், வயது ஐம்பத்திரண்டு. அடுத்தவர் கொம்பையா. ஸ்க்ரூ கழற்றுவதும் பாரம் தூக்குவதும் அவர் இலாகா. மூன்றாமவர் மாசானம். எழுதப் படிக்க நன்றாகத் தெரிந்தவர் என்பதால் அவரை எந்தச் சாமானையும் தொட விடுவதில்லை. நோட்டில் எழுதுவது மட்டும்தான் அவர் வேலை.

மூவரிடமும் ஒரு நல்ல குணம் உண்டு. சொன்னதைச் செய்வார்கள். அதற்கு மேல் ஒரு அங்குலம் கூட்டவும் மாட்டார்கள், குறைக்கவும் மாட்டார்கள். ஒருமுறை ஒரு டீச்சரம்மா, "இந்த மிக்சி ஓடுதான்னு பாருங்க" என்று கொடுத்துவிட்டுப் போனார். மூன்று பேரும் பார்த்தார்கள். சாயந்தரம் அவர் வந்ததும், "பாத்தாச்சும்மா, ஓடல" என்று பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்கள்.

மே மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, குற்றாலத்தில் விளையாட்டுக் கூடம் நடத்தும் பவுல்ராஜ் முதலாளி மினி லாரியில் ஒரு கேம் மிஷினைக் கொண்டுவந்து இறக்கினார். ஆள் உயரப் பெட்டி. முகத்தில் ஒரு டிவி, அதற்குக் கீழே ஒரு குச்சி, இரண்டு பித்தான்கள், காசு போட ஒரு துவாரம். காசு போட்டால் திரையில் ஒரு குட்டி விமானம் கிளம்பும், எதிரே வரும் பலூன்களைச் சுட்டு வீழ்த்த வேண்டும். முப்பத்தைந்து வருஷத்துப் பழசு. இப்போது விமானமும் வரவில்லை, பலூனும் வரவில்லை. கைலித் துணி மாதிரி கட்டம் கட்டமாக வண்ணம் மட்டும் வந்து நின்றது.

"தளவாய், ஞாயித்துக்கிழமை மத்தியானம் வருவேன்" என்றார் முதலாளி. "ஓடுனா எடுத்துட்டுப் போறேன். ஓடலன்னா அப்படியே பழைய இரும்புக்காரன்ட்டத் தள்ளிருவேன். அந்த எடத்துல கால் அமுக்குற மிஷின் போட்டா நாலு பேரு வந்து உக்காருவான்."

பழைய இரும்பு என்ற சொல் காதில் விழுந்ததும் தளவாய் மிஷினை ஒரு கையால் அணைத்துக்கொண்டார். காரணம் இருக்கிறது. பதினேழு வயதில் அவர் சீசனுக்கு அருவியில் குளிக்கப் போனார். குளிக்கவில்லை. மூன்று நாள் அந்த மிஷின் முன்னாலேயே நின்று தொண்ணூற்றெட்டாயிரத்து நானூற்று ஐம்பது எடுத்தார். மிஷின் மூன்று ஆங்கில எழுத்துக்கு மேல் இடம் தராது என்பதால் டி, எல், வி என்று தளவாயைச் சுருக்கிப் பதிந்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து முதல் இடத்தில் அந்த டி.எல்.வி.தான். யாரும் தாண்டவில்லை.

மனிதர் வாழ்க்கையில் வேறு எங்கேயும் முதலாக வந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்ச். ரேஷன் கார்டில் குடும்பத் தலைவி அவர் மனைவி கோமதி என்கிற கோமு. கடைப் பெயர்ப்பலகையிலும் அவள் பெயர்தான். கல்யாணப் பத்திரிகையில்கூட அச்சகத்தான் இவர் பெயரை விட்டுவிட்டதால், பிறகு பேனாவால் எழுதிச் சேர்த்தார்கள். உலகத்தில் அவர் பெயர் எல்லாருக்கும் மேலே இருக்கும் ஒரே இடம் அந்த மிஷின். அது இரும்புக்கடைக்குப் போவதை நினைக்கவே அவருக்குத் தாங்கவில்லை.

மிக்சி பழுது பார்க்கிற கையால் கேம் மிஷினைத் தொட அவருக்கே பயம். ஆகவே கோயம்புத்தூரில் இருக்கும் தாமோதரன் சாருக்குப் போன் போட்டார்கள். அவர் பொருட்காட்சி மிஷின்களெல்லாம் சரி செய்து ஓய்வு பெற்றவர், விஷயம் தெரிந்தவர், பொறுமைசாலி. பொறுமைசாலி என்பது திங்கட்கிழமை நிலவரம்.

"போர்டைக் கழட்டி மேசையில வைங்க" என்றார் சார். "சாக்கெட்டுல இருக்குற ஐசி, அந்தக் கறுப்புச் சில்லு எல்லாம் ஒவ்வொண்ணா எடுத்து, தொடச்சு, மறுபடியும் குத்துங்க. பேட்டரியையும் அதை ஒட்டி இருக்குற ஐசியையும் மட்டும் தொட்டுறாதீங்க, ஸ்கோரெல்லாம் அதுலதானுங்க நிக்குது. ஒண்ணை எடுக்குறதுக்கு முன்னால அது எங்க இருந்துச்சு, எந்தப் பக்கம் பார்த்து இருந்துச்சுன்னு எழுதிக்கணும். எடுத்தது அத்தனையும் அதே எடத்துக்குத் திரும்பப் போகணும். ஒண்ணு கொறையக் கூடாது, ஒண்ணு கூடக் கூடாது. எல்லாம் உள்ள போன பொறகுதான் கரண்டு குடுக்கணும்."

மாசானம் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார்.

போர்டைக் கழற்றினால், அதன்மேல் விரல் கனத்துக்குத் தூசி. பேட்டரி கசிந்து பச்சையாய் உப்புப் பூத்திருந்தது. அந்த உப்பில் ஊறியபடி இரண்டு ஐசிகளுக்கு நடுவே, ஒன்றின் காலையும் இன்னொன்றின் காலையும் இணைத்துக்கொண்டு, ஒரு கரப்பான்பூச்சி செத்துக் கிடந்தது.

நியாயமாகப் பார்த்தால் கதை இங்கேயே முடிய வேண்டும். பழுது என்னவென்று உங்களுக்கும் எனக்கும் தெரிந்துவிட்டது. அதைத் தட்டிவிட்டால் மிஷின் ஓடும். கொம்பையாவுக்கும் அந்த யோசனை ஒரு கணம் வந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

"அண்ணாச்சி, ஒரு கரப்பான் கெடக்கு. தூக்கிப் போட்டுரவா?"

"ஏல, பொறு. மாசானம், நோட்டு என்ன சொல்லுது?"

மாசானம் வாசித்தார். "எடுத்தது அத்தனையும் அதே இடத்துக்குத் திரும்பப் போக வேண்டும். ஒன்று குறையக் கூடாது."

"இது கம்பெனிக்காரன் வச்ச சாமான் இல்லையே அண்ணாச்சி?"

"அது கம்பெனியில வச்சதா, தானா வந்ததான்னு ஒனக்குத் தெரியுமால?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. தெரியாத சாமானத் தூக்கிப் போடுறவன் மெக்கானிக்கா?"

மாசானம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முக்கியமாக எதையாவது சொல்லப் போகும்போது அவர் அப்படிச் செய்வார். "முப்பத்தஞ்சு வருசம் மிஷின் ஓடியிருக்கு. அத்தன வருசமும் அது சும்மாவா கெடந்திருக்கும்? ஏதோ ஒரு வேல பாத்திருக்கும்லா."

கரப்பானைச் சாமணத்தால் எடுத்து, ஸ்கேலால் அளந்து, தீப்பெட்டியில் வைத்தார்கள். "கரப்பான், ஒன்று. நீளம் ஒன்றரை அங்குலம். தலை வடக்கே" என்று நோட்டில் ஏறியது.

"வடக்க தல வச்சுப் படுக்கக் கூடாதுலா?" என்றார் கொம்பையா.

"அதான் செத்துப்போச்சு" என்றார் தளவாய்.

தூசியையும் விடவில்லை. தாளில் கூட்டி, மடித்து, மேலே "தூசி" என்று எழுதினார்கள். ஐசிகளைத் துடைத்துத் திரும்பக் குத்தினார்கள். தூசியைக் கோலப்பொடி தூவுவது போலப் பரவலாகத் தூவினார்கள். கடைசியில் கரப்பானை அதன் இடத்தில், அதே இரண்டு கால்களுக்கும் குறுக்கே, தலை வடக்கே வைத்தார்கள். கரண்டு கொடுத்தார்கள். கைலி வந்தது.

புதன்கிழமை சாருக்கு மறுபடி போன். பச்சை உப்பு பற்றிச் சொன்னார்கள், கரப்பானைப் பற்றிச் சொல்லவில்லை. நோட்டில் ஏற்கெனவே பதிந்த சாமானைப் பற்றிப் பெரிய மனிதரைத் தொந்தரவு செய்வானேன். சார் வினிகரைத் தொட்டுப் பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் நன்றாகக் காய வைக்கச் சொன்னார். அப்புறம் ஒவ்வொரு ஐசியையும் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டுமாம். எது பொறுக்க முடியாமல் சுடுகிறதோ அதுதான் கெட்டுப்போனது.

போர்டை வீட்டு மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், கோமு காயப்போட்டிருந்த கூழ்வற்றலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். கொம்பையா குச்சியுடன் காக்காய் விரட்டினார். மத்தியானம் இரண்டு மணிக்கு, தென்காசி வெயிலில், தளவாய் முதல் ஐசியைத் தொட்டு விரலை உதறினார்.

"கெட்டது" என்றார். மாசானம் எழுதினார்.

இரண்டாவதும் கெட்டது. மூன்றாவதும் கெட்டது. அறுபத்தொரு ஐசியும் கெட்டிருந்தன. அதோடு தண்ணீர்க் குழாய், மாடிக் கதவின் தாழ்ப்பாள், கொம்பையாவின் வழுக்கைத் தலை ஆகியவையும் கெட்டிருப்பது தெரியவந்தது.

சாருக்குப் போன் போட்டார்கள். "வெயில்ல வச்சா தொட்டீங்க?"

"நீங்கதான சார் வெயில்ல வைக்கச் சொன்னீக?"

"நெழல்ல வைங்க. அஞ்சு நிமிசம் கடியாரத்தைப் பார்த்து நில்லுங்க. அதுக்கப்பறம் தொடுங்க. அப்பவும் பொறுக்க முடியாம சுட்டா அது கெட்டதுங்க. அதை வெளிய எடுத்துட்டு, வேற எங்கயாவது நல்லா ஓடிட்டிருக்குற எடத்துல இருந்து அதே வகையில இன்னொண்ணைக் கொண்டாந்து வைங்க. அம்புட்டுத்தான்."

போர்டைக் கடைக்குக் கொண்டுவந்து மாட்டி, தூசியையும் கரப்பானையும் அதனதன் இடத்தில் வைத்து, கரண்டு கொடுத்து, நிழலில் வைத்துத் தொட்டார்கள். ஒன்றும் சுடவில்லை. "கெட்டுப்போன அறுபத்தொன்றும் தாமாகவே குணமாயின" என்று மாசானம் எழுதி அடிக்கோடிட்டார். தளவாய்க்கு மனம் நிறைந்தது. மிஷினில் மட்டும் கைலிதான் நின்றது.

வியாழக்கிழமை சார் சொன்னது கடைசி வழி. போர்டில் ஒரே நம்பர் ஐசிகள் பல இருக்கும். அவற்றை இடம் மாற்றி மாற்றிக் குத்திப் பார்க்க வேண்டும். "ஆனா ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும்தான் மாத்தணும். மத்ததெல்லாம் அப்படியே இருக்கணும். ரெண்டை மாத்திட்டீங்கன்னா எதுனால சரியாச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு, தான் பேத்தியின் காதுகுத்துக்குப் பழனி போவதாகவும் ஞாயிறு வரை போனை எடுக்க முடியாது என்றும் சேர்த்துச் சொன்னார். பழனியில் காதுகுத்து இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

மூவரும் இதை நெடுநேரம் யோசித்தார்கள்.

"அண்ணாச்சி, நேத்து நீங்க நீலச் சட்ட போட்டிருந்தீக. இன்னைக்கும் அதேதான்" என்றார் மாசானம். "நாளைக்கு வேற சட்ட போட்டுட்டு, ஒரு ஐசியவும் மாத்துனோம்னு வைங்க. மிஷின் ஓடிருச்சு. எதுனால ஓடுச்சு?"

தளவாய் நாற்காலியில் நேராக உட்கார்ந்தார். "ஐசியாலயா சட்டையாலயான்னு தெரியாமப் போயிரும்."

"கடைசி வரைக்கும் தெரியாது" என்றார் கொம்பையா.

அன்று முதல் மூவரும் சட்டை மாற்றவில்லை. நின்ற இடத்தை மாற்றவில்லை, காலைச் சுற்றிச் சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்துக்கொண்டார்கள். கொம்பையா சவரம் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை மாசானத்துக்கு விக்கல் வந்தபோது அது நிற்கும் வரை வேலையை நிறுத்தினார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் கரப்பான் தீப்பெட்டிக்குப் போனது, மாற்றம் முடிந்ததும் வடக்கே தலை வைத்துப் படுத்தது, பிறகு கரண்டு, பிறகு கைலி. சனிக்கிழமை சாயந்தரத்துக்குள் நாற்பத்தெட்டு முறை. மே மாதம், தென்காசி, மூன்று சட்டைகள். பக்கத்துப் பலசரக்குக் கடைக்காரர் ஊதுபத்திக் கட்டு ஒன்றை இனாமாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை தளவாய் வீட்டுக்குள் கால் வைத்ததும் கோமு மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"சட்டையக் கழத்துங்க."

"கோமு, நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பொறு. ஒலகத்துல என் பேரு மேல இருக்குறது அந்த ஒரு எடம்தான். அது போயிருச்சுன்னா நான் எங்கயுமே இல்ல."

"பேரு மேல இருக்கட்டும். சட்ட கீழ வரட்டும்" என்று பிடித்து இழுத்தாள். இரண்டு பித்தான்கள் தெறித்தன. நீலச் சட்டை, துணி ஊறவைத்த வாளிக்குள் போனது. தளவாய் அழுதேவிட்டார்.

ஞாயிறு காலை மஞ்சள் சட்டையில் கடைக்கு வந்தவரைப் பார்த்து மற்ற இருவரும் இழவு வீட்டில் நிற்பது போல நின்றார்கள். தளவாய்தான் முதலில் தேறினார்.

"நடந்தது நடந்துபோச்சு. இன்னைக்கு ஒண்ணு மாறியாச்சு. வேற எதையும் தொடாதீங்கல. இப்படியே கரண்டக் குடுத்துப் பாப்போம்."

இதற்கிடையில் வாசலில் ஒன்று நடந்துகொண்டிருந்தது. எறும்புகள் சாரிசாரியாக மிஷினிலிருந்து இறங்கி, தரையைக் கடந்து, பழுப்பாக எதையோ தேர் இழுப்பது போல வெளியே இழுத்துப் போய்க்கொண்டிருந்தன. கொம்பையா அதைப் பார்த்தார். பாவம் வாயில்லா ஜீவன் என்று மிதிக்காமல் தாண்டிப் போய் சுவிட்சைப் போட்டார்.

மிஷின் பாடியது!

முதலில் விமானம் வந்தது. பிறகு பலூன்கள். பிறகு திரை கறுத்து, பத்துப் பேர் பட்டியல் மேலிருந்து கீழே இறங்கியது. ஒன்று, டி.எல்.வி., தொண்ணூற்றெட்டாயிரத்து நானூற்று ஐம்பது. தளவாய் கையெடுத்துக் கும்பிட்டார். முப்பத்தைந்து வருஷம் ஒருவன் பெயரை இருட்டில் காப்பாற்றி வைத்திருந்த மிஷினை வேறு என்ன செய்வது?

"சட்டதான்" என்றார் மாசானம். "மஞ்சள் சட்ட." நோட்டில் எழுதினார். மூவருக்கும் அதில் கடுகளவும் சந்தேகமில்லை.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர்கள் யோக்கியர்கள். சாமானைத் திருப்பிக் கொடுக்கும் முன் நோட்டை வைத்துச் சரிபார்ப்பது கடை வழக்கம். மாசானம் வாசிக்க, கொம்பையா விரல் வைத்துக் காட்டினார். ஐசி அறுபத்தொன்று, இருக்கு. பேட்டரி ஒன்று, இருக்கு. தூசி, இருக்கு. கரப்பான் ஒன்று...

கொம்பையாவின் விரல் அந்தரத்தில் நின்றது.

"நேத்து நான்தான் வச்சேன். சத்தியமா வச்சேன்" என்றார்.

மணி பதினொன்றரை. தளவாய் திரையைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். "ஏல, அடுத்தவன் சாமான் நம்ம கடையில காணாமப் போனா, நாளைக்கு என் பேரு மேல இருந்து என்ன, கீழ இருந்து என்ன? தேடுங்க."

பழையது கிடைக்கவில்லை. சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் புதிது ஒன்று கிடைத்தது. பிடித்து அளந்தால் சொல்லிவைத்தாற்போல ஒன்றரை அங்குலம். உயிரோடு இருந்ததுதான் ஒரே வித்தியாசம். கொம்பையா செருப்பால் அதைப் பக்குவமாக ஒரு தட்டுத் தட்டினார். அது மயங்கியது. மிஷினை நிறுத்தி, அதே இடத்தில், அதே கால்களுக்குக் குறுக்கே, தலை வடக்கே கிடத்தி, பெட்டியை மூடி, சுவிட்சைப் போட்டார்கள். அதே நேரம் பவுல்ராஜ் முதலாளி உள்ளே நுழைந்தார்.

கைலி.

"ஏழு நாளா இதத்தாம்வே செஞ்சீங்களா?" என்று முதலாளி கத்தினார். வெயிலில் நடந்து வந்ததில் முகம் ஏற்கெனவே சிவந்திருந்தது.

"இப்ப வரைக்கும் ஓடுச்சு மொதலாளி, நீங்க வாரதுக்கு ஒரு நொடி முன்னால வரைக்கும்..." என்று தளவாய் திரையைக் காட்டினார். பழைய இரும்புக்காரனின் தராசு கண்முன்னே ஆடியது.

மாசானம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அண்ணாச்சி, பதறாதீக. ஒரு நேரத்துல ரெண்டு மாறியிருக்கு. ஒண்ணு, கரப்பான் வந்துச்சு. ஆனா அது முப்பத்தஞ்சு வருசமா அங்க இருந்த சாமான், அத மாத்தம்னு சொல்ல முடியாது. அப்ப புதுசா உள்ள வந்தது எது?"

மூன்று பேரும் மெதுவாகத் திரும்பி முதலாளியைப் பார்த்தார்கள்.

"மொதலாளி, ஒரே ஒரு நிமிசம் வெளிய நிக்கீங்களா?" என்றார் தளவாய் பணிவாக.

இரும்புக்காரனுக்குப் போன் போட எப்படியும் முதலாளி வெளியே போக வேண்டியிருந்தது. கண்ணாடிக் கதவை அடித்துச் சாத்திய சாத்தலில் பெட்டி அதிர்ந்தது. உள்ளே மயக்கம் தெளிந்த கரப்பான் எழுந்து, மீசையைச் சரிசெய்துகொண்டு, காசு போடும் துவாரம் வழியாக இறங்கிப் போய்விட்டது. அதை யாரும் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் கதவின் மேல் இருந்தது.

மிஷின் பாடியது. விமானம், பலூன், டி.எல்.வி.

கொம்பையா ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டார்.

"ஓடுதுலா! உள்ள விடுங்கவே!" என்று முதலாளி வெளியிலிருந்து கண்ணாடியைத் தட்டினார். உள்ளே விடுவார்களா? தளவாய் பக்கத்துச் சந்து வழியாக வெளியே வந்து, அவர் கையைப் பிடித்து, வேப்பமர நிழலுக்குக் கூட்டிப்போனார். "அஞ்சே அஞ்சு நிமிசம் நெழல்ல நில்லுங்க மொதலாளி" என்றார். பின்னாலேயே வந்த மாசானம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்து நிமிஷமும் முதலாளி வைதுகொண்டே இருந்தார். நேரம் முடிந்ததும் தளவாய் மரியாதையாக அவர் நெற்றியில் விரலை வைத்து, சட்டென்று எடுத்து உதறினார்.

"சுடுது."

"பொறுக்க முடியாத அளவுக்கா?" என்றார் மாசானம், பேனாவுடன்.

"பொறுக்க முடியாத அளவுக்கு."

நோட்டில் ஏறிவிட்டது. இனி மாற்ற முடியாது. தளவாய் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். எல்லாருக்கும் மேலே அவர் பெயர் பளபளவென்று எரிந்துகொண்டிருந்தது. நெஞ்சு நிறைந்துபோய், குற்றாலத்தில் முதலாளி வீட்டுக்குப் போன் போட்டார். முதலாளியம்மாள்தான் எடுத்தார்.

"அம்மா, கோமதி எலக்ட்ரானிக்ஸ் தளவாய் பேசுதேன். மிஷின்ல ஒரு கொறையும் இல்லம்மா, அருமையா ஓடுது. மொதலாளியத்தான் மாத்தணும். அவுகளுக்கு அண்ணன் தம்பி யாராவது நல்லா ஓடுற நெலமையில இருந்தா, ஒருத்தர உடனே அனுப்பி வைங்க."